நாஸ்கார் பொற்காலம்னு அமெரிக்கப் பெருசுங்க புலம்பறதுல எவ்வளவு உண்மை?

கேள்வி கேட்டவர் நீளமா எழுதியிருக்கார், சுருக்கினா விஷயம் இதுதான். அவர் ஆபீஸ்ல அறுபது தாண்டின அமெரிக்கர் ஒருத்தர் இருக்காராம், திங்கக்கிழமை ஆனா போதும், முந்தின நாள் நடந்த ரேஸைத் திட்ட ஆரம்பிச்சு கடைசில "எர்ன்ஹார்ட் போனப்பவே எல்லாம் போச்சு, பெட்டி காலம் மாதிரி இனிமே வருமா"ன்னு முடிப்பாராம் (எர்ன்ஹார்ட், பெட்டி ரெண்டு பேரும் பழைய நட்சத்திர டிரைவருங்க). நம்ம ஆளுக்கு நாஸ்கார்ங்கற அந்த அமெரிக்க கார் பந்தயம் வட்டமா ஓடிக்கிட்டே இடது பக்கம் திரும்பற கார் கூட்டம், அவ்வளவுதான். அதனால கேக்கறார், அந்தக் காலம் நெஜமாவே ஒசத்தியா, இல்ல எல்லா ஊர்லயும் வயசானவங்க பேசற "எங்க காலத்துல" பேச்சா, அப்புறம் அதைப் புரிஞ்சுக்கணும்னா எந்த ரேஸைப் பார்க்கணும்னு. முதல் கேள்விக்கு என் பதில், ரேஸ் அப்போ நல்லா இருந்துச்சுங்கறது பெரும்பாலும் பொய், ஆனா அவர் எதையோ இழந்துட்டார்ங்கறது உண்மை, அது என்னன்னு அவருக்கே சரியா சொல்லத் தெரியாததால ரேஸ் மேல பழியைப் போடறார்.

நான் யார்னு சொல்லிடறேன். மெக்கானிக்கல் படிச்சிட்டு தொண்ணூறுகளோட கடைசில வட கரோலினாவுக்கு வந்தவன், வேலை சஸ்பென்ஷன் பாகங்கள் பக்கம். சார்லட்டுக்கு வடக்க மூர்ஸ்வில்னு ஒரு ஊர், நாஸ்கார் டீம்கள்ல பெரும்பாலானது அந்தச் சுத்துவட்டாரத்துலதான் இருக்கு, அதனால பக்கத்து வீட்டுக்காரர்ல இருந்து முடி வெட்டறவர் வரைக்கும் யாராவது ஒருத்தர் ஏதாவது டீம்ல வேலை பார்த்திருப்பார். சின்ன ட்ராக்ல ஓடற லோக்கல் பசங்களுக்கு வார கடைசில ஸ்பிரிங், ஷாக் செட்டப் பார்த்துக் குடுப்பேன், அந்தப் பழக்கத்துல பழைய மெக்கானிக்குங்க நிறைய பேரோட பேச்சு கேட்டிருக்கேன். பொற்காலத்தோட வாலை மட்டும்தான் நான் நேர்ல பார்த்தேன். அறுபது எழுபதெல்லாம் எனக்கு டேப்புல பார்த்ததும் இவங்க வாயால கேட்டதும்தான். கார் எப்படி ஓடுச்சு ஏன் ஓடுச்சுன்னு சொல்றப்போ தைரியமா சொல்வேன், ஜனங்க என்ன நினைச்சாங்கன்னு சொல்றப்போ அது கேள்வி ஞானம்னு வெச்சுக்கோங்க.

முதல்ல எது பொற்காலம்னு கேட்டீங்கன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எண்பது வயசுக்காரர் அறுபதுகள்ம்பார், எழுபது வயசுக்காரர் ரிச்சர்ட் பெட்டியும் டேவிட் பியர்சனும் மோதின எழுபதுகள்ம்பார், உங்க ஆபீஸ் ஆள் மாதிரி அறுபது வயசுக்காரங்களுக்கு டேல் எர்ன்ஹார்ட் கருப்பு 3-ஆம் நம்பர் கார்ல எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டுப் போன எண்பது தொண்ணூறுகள். அவங்கவங்க பதினஞ்சு வயசு எப்போ நடந்துச்சோ அதுதான் பொற்காலம், இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. ஆனா எல்லாரும் ஒத்துப்போற ஒரு எல்லை இருக்கு, 2001 பிப்ரவரி 18-ல டேடோனா 500-ங்கற பெரிய ரேஸோட கடைசி லேப்ல, அதாவது கடைசி சுத்துல, எர்ன்ஹார்ட் செத்தது ஒண்ணு, 2003-ஓட தொடருக்கு இருந்த வின்ஸ்டன்ங்கற சிகரெட் பேர் போய் 2004-ல சாம்பியன்ஷிப் முறையையே மாத்தினது இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும் அந்தப் பக்கம் பொன், இந்தப் பக்கம் தகரம். ஏறக்குறைய எல்லா ரசிகனும் கோடு போடற இடம் இதுதான்.

ஆரம்பக் கதைல கள்ளச்சாராயம் வரும், அதைப் பத்தி ஒரு வார்த்தை. அப்பலாச்சியன் மலைப்பக்கம் திருட்டுச் சாராயம் காய்ச்சி ராத்திரில கார்ல கடத்தினவங்க, போலீஸ்கிட்ட தப்பிக்க இன்ஜினை முறுக்கி வெச்சிருந்தாங்க, அவங்க தங்களுக்குள்ள பந்தயம் விட்டதுதான் நாஸ்கார்னு ஒரு கதை இங்க எல்லா டீக்கடை பேச்சுலயும் ஓடும் (சரி, இங்க அது பார்பர் ஷாப்). பாதி உண்மை. ஜூனியர் ஜான்சன் நெஜமான கடத்தல்காரர், 1956-ல அப்பாவோட சாராய அடுப்புகிட்ட மாட்டி ஜெயிலுக்குப் போனவர், மொத்தம் 50 ரேஸ் ஜெயிச்சார், 1986-ல ரீகன் அவருக்கு மன்னிப்பு குடுத்தார். 1949 ஜூன் 19-ல சார்லட்ல நடந்த முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் ரேஸ்ல (கடைல வித்த காரை மாத்தாம ஓட்டற ரேஸ்) முதல்ல வந்தது க்ளென் டனவேன்னு ஒருத்தர், அவர் கார்ல பின் ஸ்பிரிங்கை சரக்கு ஏத்தற காருக்குப் பண்ற மாதிரி மாத்தி வெச்சிருந்தாங்கன்னு தகுதிநீக்கம் பண்ணி ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் குடுத்தாங்க. ஆனா மொத்த விளையாட்டும் அதுல இருந்துதான் பொறந்துச்சுங்கறது பின்னாடி ஏத்திக்கிட்ட மெருகு. அந்தக் காலத்து டிரைவர்ல முக்கால்வாசி பேர் மெக்கானிக், விவசாயி, லாரி ஓட்டறவன். 1947 டிசம்பர்ல டேடோனா பீச்ல ஒரு ஓட்டல்ல எல்லாரையும் உக்கார வெச்சு சங்கமா மாத்தின பில் பிரான்ஸ் மெக்கானிக், பெட்ரோல் பங்க் வெச்சிருந்தவர், கில்லாடி வியாபாரி. சாராயக் கதை ரேஸை விக்க நல்லா உதவிச்சு, அதனால அதை யாரும் மறுக்கலை.

இப்போ காருக்கு வரேன், எனக்குப் பிடிச்ச இடம். ஆரம்பத்துல ஓடினது நெஜமாவே ஷோரூம்ல நிக்கற கார். 1950-ல டார்லிங்டன்ல முதல் சதர்ன் 500, 75 கார் கிளம்புச்சு, ஜெயிச்சது ஜானி மான்ட்ஸ், ஒரு சாதாரண ப்ளிமத் கார்ல, எல்லாரும் வேகமா போயி டயர் வெடிச்சு நிக்க இவர் லாரி டயரைப் போட்டுக்கிட்டு மெதுவா நிக்காம ஓடி ஜெயிச்சார். அடுத்து ஹட்சன் ஹார்னெட், ஆறு சிலிண்டர்தான், ஆனா தரை தாழ்ந்து இருக்கற அமைப்பு, புவியீர்ப்பு மையம் கீழ, அதனால வளைவுல வி-8 காருங்களால அதைப் பிடிக்க முடியலை, 1952-ல நடந்த 34 ரேஸ்ல 27 அதுவே ஜெயிச்சுது. ஞாயித்துக்கிழமை ஜெயிச்சா திங்கக்கிழமை விக்கலாம்னு கம்பெனிகளுக்குப் புரிஞ்சது அப்போதான். ரேஸ்ல ஓட்டணும்னா அந்தக் காரை ஜனங்களுக்கும் வித்திருக்கணும்னு விதி இருந்துச்சு, அந்த விதி எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னா, 1969-ல டாட்ஜ் சார்ஜர் டேடோனான்னு ஒரு கார், மூக்கு கூரா நீண்டு, பின்னாடி டிக்கி மேல கிட்டத்தட்ட ரெண்டடி உசரத்துக்கு ஒரு இறக்கையோட, 500 சொச்சம் கார் தயாரிச்சு டீலர்கிட்ட குடுத்தாங்க. 1970-ல ப்ளிமத் சூப்பர்பேர்ட், கிட்டத்தட்ட 1,900. யாருக்கும் அது வேணாம். டீலருங்க விக்க முடியாம மூக்கையும் இறக்கையையும் கழட்டிட்டு சாதாரண காரா வித்த கதையெல்லாம் உண்டு, இன்னைக்கு ஏலத்துல அது போற விலையைப் பாத்தா வயிறு எரியும்.

அந்த சார்ஜர் டேடோனா கார்லதான் 1970 மார்ச் 24-ல டல்லடேகா ட்ராக்ல பட்டி பேக்கர் டெஸ்ட் ஓட்டத்துல மணிக்கு 200 மைல் தாண்டினார், மூடின ட்ராக்ல உலகத்துலயே முதல் தடவை. அப்புறம் நாஸ்கார் என்ன பண்ணுச்சு, 1971-ல இந்த மாதிரி இறக்கை காருக்கு இன்ஜின் 305 கன அங்குலத்துக்கு மேல கூடாதுன்னு சொல்லி மூடி விட்டுருச்சு. இதே மாதிரிதான் 1964-ல கிறைஸ்லரோட 426 ஹெமி இன்ஜின் வந்து பெட்டி டேடோனா 500-ஐ அள்ளிட்டுப் போனார், 1965-க்கு அதைத் தடை பண்ணாங்க, கிறைஸ்லர் கோவிச்சுக்கிட்டு வெளிய போச்சு, பெட்டி டிராக் ரேஸ் (நேர் ரோட்டுல ரெண்டு கார் மட்டும் மோதற பந்தயம்) ஓட்டப் போயிட்டார். என்னைக் கேட்டா 1964-ல இருந்து 1970 வரைக்கும் உள்ள இந்த ஆறேழு வருஷம்தான் ஒரு இன்ஜினியருக்குப் பொற்காலம், ஏன்னா விதிப் புஸ்தகம் மெல்லிசா இருந்துச்சு, மூளை தடிமனா இருந்துச்சு. காரை ஒருத்தன் வரைஞ்சு, அதைக் கம்பெனி தயாரிச்சு, அது ரேஸ்ல ஜெயிச்சு, அதைத் தடை பண்ற வரைக்கும் போற விளையாட்டு இப்போ எங்கயும் கிடையாது.

மூளைன்னா ஸ்மோக்கி யூனிக் பேரைச் சொல்லாம போக முடியாது. டேடோனா பீச்ல கேரேஜ் வெச்சிருந்த மெக்கானிக், விதில என்ன எழுதலையோ அதெல்லாம் செய்யலாம்னு நம்பினவர். பெட்ரோல் டேங்க் இவ்வளவு லிட்டர்தான் இருக்கணும்னு விதி, டேங்க்ல இருந்து இன்ஜினுக்குப் போற குழாய் எவ்வளவு பெருசா இருக்கலாம்னு விதி இல்ல, அதனால தடிமனா பதினோரு அடி குழாய் போட்டு அதுலயே இன்னும் சில கேலன் பெட்ரோல் நிரப்பினார்னு அவரே சொல்லியிருக்கார். நீங்க கேக்கப்போற இன்னொரு கதை, சோதனை பண்றவங்க டேங்க்கைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு லிஸ்ட் குறை எழுதிக் குடுக்க, இவர் "இன்னும் ஒண்ணு சேத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு டேங்க் இல்லாமலே காரை ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டுப் போயிட்டாராம். இதை அப்படியே நம்பாதீங்க, ஒவ்வொரு வாயிலயும் ஒவ்வொரு மாதிரி வரும். அவரோட ஷெவல் கார் நெஜமான அளவுல எட்டுல ஏழு பங்குதான் இருந்துச்சுங்கறதும் கட்டுக்கதை, கார் முழு அளவுதான், பாடியை அடிச்சட்டத்து மேல நகர்த்தி, அடிப்பக்கம் மழமழன்னு பண்ணி, சின்னச் சின்னதா ஏகப்பட்ட திருட்டுத்தனம் பண்ணியிருந்தார். உண்மையே போதுமான அளவு சுவாரஸ்யமா இருக்கறப்போ எதுக்கு இட்டுக்கட்டினாங்கன்னு தெரியலை.

சரி, ரேஸ் நெஜமாவே நல்லா இருந்துச்சா? இங்கதான் உங்க ஆபீஸ் ஆள் தோத்துப் போவார். 1965 சதர்ன் 500-ல நெட் ஜாரட் ஜெயிச்சது 14 லேப் வித்தியாசத்துல. லேப்னு சொன்னேன், செகண்டு இல்ல, ரெண்டாவது வந்தவர் கிட்டத்தட்ட 19 மைல் பின்னாடி. 1967-ல பெட்டி 48 ரேஸ் ஓட்டி 27 ஜெயிச்சார், அதுல தொடர்ந்து 10, அதை இப்போ யாராவது பண்ணா "போர் அடிக்குது, ஏதாவது விதி மாத்துங்க"ன்னு இதே ஆளுங்கதான் கத்துவாங்க. இப்போ பாருங்க, 2010-லயும் 2011-லயும் டல்லடேகால ஒரே ரேஸ்ல 88 தடவை முன்னணி மாறிச்சு. 2024-ல கான்சாஸ்ல கைல் லார்சன் ஜெயிச்சது செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குல. எண்ணிக்கை மட்டும் வெச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாது, டல்லடேகால இன்ஜினுக்குக் காத்தைக் குறைச்சு விடற தகடு வெச்சு எல்லா காரையும் ஒரே வேகத்துல கட்டி ஓட விட்டா முன்னணி மாறத்தான் செய்யும், அது திறமையா லாட்டரியான்னு நாஸ்கார்காரங்களே சண்டை போட்டுக்குவாங்க. ஆனா "அப்போ ரேஸ் நெருக்கமா இருந்துச்சு"ங்கற பேச்சு கணக்குல நிக்காது.

நெருக்கம் இல்ல, ஆனா வேற ஒண்ணு இருந்துச்சு, அதை நான் பழைய டேப் பார்த்துப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன். கார் எப்போ வேணா சாகும். ஒரு லேப் முன்னாடி போயிட்டு இருக்கறவனோட இன்ஜின் பத்து லேப் மிச்சம் இருக்கறப்போ புகையைக் கக்கும், டயர் வெடிக்கும், கியர் போகும். அதனால மூணு லேப் பின்னாடி இருக்கறவனும் நம்பிக்கையோட ஓட்டினான், பார்க்கறவனும் எழுந்து போகலை. இப்போ பாகங்கள் அவ்வளவு நல்லா வந்திருச்சு, 500 மைல் ஓடினாலும் இன்ஜின் சாதாரணமா நிக்காது. இன்னொண்ணு டயர். பழைய பயாஸ் டயர் வழுக்கும், ஆனா வழுக்கப் போறேன்னு முன்னாடியே டிரைவர் முதுகுக்குச் சொல்லும், அதனால காரைக் கோணலா வெச்சு வளைவுல கொண்டு போவாங்க, டேப்புல பாத்தா கண்ணுக்கே தெரியும். 1989-ல இருந்து ரேடியல் டயர் வந்துச்சு, பிடிப்பு ஜாஸ்தி, ஆனா விட்டா ஒரேயடியா விட்ரும். அது கூட காத்து சமாச்சாரம். நம்ம ஹைவேல லாரி பின்னாடி பைக்கை ஒட்டி ஓட்டினா காத்து எதுக்காம சுலபமா இழுத்துட்டுப் போகும் பாருங்க, அதே விஷயத்தை ஜூனியர் ஜான்சன் 1960 டேடோனால கவனிச்சு, தன்னைவிட வேகமான கார் பின்னாடி ஒட்டிக்கிட்டே போய் அந்த ரேஸையே ஜெயிச்சார். நேர் ரோட்டுல அது லாபம். ஆனா கார் முழுக்க காத்தழுத்தத்தை நம்பி வளைவுல நிக்க ஆரம்பிச்சப்புறம், முன்னாடி போற கார் கலைச்சு விட்ட காத்து உங்க மூக்குக்கு வந்தா முன் சக்கரம் பிடி விட்ரும், நீங்க வேகமா இருந்தும் தாண்ட முடியாது. இந்த ஒரு விஷயத்துல பெருசுங்க புகார் நூத்துக்கு நூறு நியாயம், ஒன்றரை மைல் ட்ராக்குகள்ல வருஷக்கணக்கா இதை நானே பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கேன்.

இப்போ அவங்க சொல்லாம விடறது. 1964 மே மாசம் சார்லட்ல ஃபயர்பால் ராபர்ட்ஸோட கார் கவுந்து தீப்பிடிச்சுது, அன்னிக்கு நாஸ்காரோட பெரிய நட்சத்திரம் அவர்தான், ஜூலை 2-ல ஆஸ்பத்திரில செத்தார். அதே வருஷம் ஜனவரில ரிவர்சைட்ல ஜோ வெதர்லி போயிருந்தார், ரெண்டு தடவை சாம்பியன். தீப்பிடிக்காத உடையும் ரப்பர் பை வெச்ச பெட்ரோல் டேங்க்கும் இந்தச் சாவுகளுக்கு அப்புறம்தான் வந்துச்சு. 2000-ல மட்டும் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர்னு மூணு பேர், ஆடம் ரிச்சர்ட் பெட்டியோட பேரன், பத்தொம்பது வயசு. அடுத்த பிப்ரவரில எர்ன்ஹார்ட். அதுக்கப்புறம்தான் தலையையும் கழுத்தையும் கட்டி வைக்கற ஹான்ஸ் கருவியைக் கட்டாயமாக்கினாங்க, சுவர்ல அடியை வாங்கிக்கற தடுப்பு வெச்சாங்க. அன்னைல இருந்து கப் ரேஸ்ல, அதாவது நாஸ்காரோட முதன்மைத் தொடர்ல, ஒரு டிரைவரும் சாகலை. 2020 டேடோனால ரயன் நியூமன் கார் தலைகீழா பறந்து இன்னொரு கார் மோதினதைப் பாத்துட்டு நாங்க எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சோம், ரெண்டு நாள்ல தன் ரெண்டு பொண்ணுங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில இருந்து நடந்து வந்தார். உங்க ஆபீஸ் ஆள் "இப்போ பசங்க ரொம்ப சொகுசு"ன்னு ஆரம்பிச்சா இதைச் சொல்லுங்க.

யாருக்குப் பொற்காலம்ங்கறதும் இருக்கு. வென்டல் ஸ்காட், வர்ஜீனியால டான்வில் ஊர், கருப்பினத்தவர், தன் காரைத் தானே பழுது பார்த்து பையன்களை வெச்சே பிட் வேலை (ரேஸ் நடுவுல டயர் மாத்தி பெட்ரோல் போடறது) பண்ணி ஓட்டினவர். 1963 டிசம்பர் 1-ல ஜாக்சன்வில்ல ஜெயிச்சார், ஆனா ஜெயிச்சதுக்கான கொடியை அவருக்குக் காட்டலை, பக் பேக்கர் ஜெயிச்சதா சொல்லி கோப்பையும் அவர்கிட்ட குடுத்தாங்க. ஸ்காட் ரெண்டு லேப் முன்னாடி இருந்தார். கூட்டம் எல்லாம் கலைஞ்சு போனப்புறம் "எண்ணினதுல தப்பு"ன்னு வெற்றியை அவர் பேர்ல எழுதினாங்க. கருப்பர் ஒருத்தர் மேடைல நிக்கறதை அந்தக் கூட்டம் பார்க்கக் கூடாதுன்னு பண்ணதுதான்னு அவரும் குடும்பமும் கடைசி வரைக்கும் சொன்னாங்க, எனக்கும் அதுல சந்தேகம் இல்ல. அவர் செத்தது 1990, குடும்பத்துக்கு கோப்பை வந்தது 2021. ட்ராக்ல கான்ஃபெடரேட் கொடியை (அடிமை முறையைக் காப்பாத்த உள்நாட்டுப் போர் பண்ண தென் மாநிலங்களோட கொடி) தடை பண்ணது 2020-லதான். பழசைப் பேசறப்போ இதுவும் சேர்த்துத்தான் பேசணும்.

அப்போ அவர் எதை இழந்தார்? ஊரை. நார்த் வில்க்ஸ்போரோன்னு ஒரு ட்ராக், மலையடிவாரத்துல, முக்கால் மைல் கூட இல்ல, ஒரு பக்கம் இறக்கம் மறுபக்கம் ஏத்தம், ஜூனியர் ஜான்சன் வீட்டுக்குப் பக்கத்து ஊர். 1996-ல கப் ரேஸ் அங்க நின்னு போச்சு (2023-லதான் ஆல்-ஸ்டார் ரேஸோட திரும்ப வந்துச்சு), ட்ராக்கோட ஓனர் செத்தப்புறம் வாங்கினவங்க அங்க வருஷா வருஷம் நடந்த ரெண்டு ரேஸோட தேதியையும் டெக்சாஸுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் கொண்டுபோயிட்டாங்க. கேலரில செடி மொளைச்சுக் கெடந்ததை ரோட்ல போறப்போ நானே பார்த்திருக்கேன். ராக்கிங்ஹாம் ட்ராக்ல கப் ரேஸ் 2004-ல போச்சு. டார்லிங்டன்ல அமெரிக்கத் தொழிலாளர் தின லீவுல ஐம்பது வருஷத்துக்கு மேல நடந்த சதர்ன் 500-ஓட தேதியைத் தூக்கி கலிபோர்னியால ஃபான்டானாவுக்குக் குடுத்தாங்க, அங்க கூட்டம் வரலை, 2015-ல திரும்ப டார்லிங்டனுக்கே வந்துச்சு, ஃபான்டானா ட்ராக்கை 2023-ல இடிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. பருத்தி மில் ஊர்லயும் மரம் அறுக்கற ஊர்லயும் வருஷத்துக்கு ரெண்டு வாரம் ஊரே திருவிழா, அது போயிருச்சு, அந்த மில்லுங்களும் அதே சமயத்துலதான் மூடுச்சு. எர்ன்ஹார்ட் கன்னபோலிஸ்னு ஒரு மில் ஊர்ப் பையன், பள்ளிக்கூடத்தைப் பாதில விட்டவர், அப்பா சின்ன ட்ராக்ல ஓட்டினவர், ஏழு தடவை சாம்பியன். மில்லுல வேலை பார்த்த ஆளுக்கு டிவில தன்னைப் போலவே ஒருத்தன் பணக்காரப் பசங்களை இடிச்சுத் தள்ளினா எப்படி இருந்திருக்கும்? 1998-ல இருபதாவது முயற்சில டேடோனா 500 ஜெயிச்சப்போ எதிரி டீம் ஆளுங்கல்லாம் வரிசைல வந்து நின்னு கை குடுத்தாங்க. உங்க ஆபீஸ் ஆள் எந்த ஊர்னு விசாரிங்க, பாதி விடை அதுலயே கெடைக்கும்.

ரெண்டாவது, காசு. இதுல முடிவு எடுத்தது கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். 1971-ல டிவில சிகரெட் விளம்பரம் தடை ஆனதும் ரெய்னால்ட்ஸ் கம்பெனி வின்ஸ்டன் பேர்ல மொத்தத் தொடரையும் தத்து எடுத்துக்குச்சு, சிகரெட் காசுலதான் பொற்காலமே ஓடுச்சு, 1964-ல 62 ரேஸ் நடந்த அட்டவணையைச் சுருக்கி சின்ன ஊர் ரேஸையெல்லாம் 1972-ல வெட்டினதும் அப்போவேதான். அதாவது ஊரை விட்டுப் போற வேலை பெருசுங்க கொண்டாடற காலத்துலயே ஆரம்பிச்சாச்சு. 2003-ல மேட் கென்செத் ஒரே ஒரு ரேஸ் ஜெயிச்சு சாம்பியன் ஆனார், ரயன் நியூமன் எட்டு ஜெயிச்சும் ஆகலை, அதைப் பாத்துட்டு கடைசி பத்து ரேஸ்ல முடிவு பண்றோம்னு புது முறை கொண்டு வந்தாங்க, அப்புறம் அதையும் மாத்தி மாத்திக் குழப்பினாங்க. பத்து மாசம் உழைச்சதை கடைசி ரேஸ்ல ஒரு டயர் தூக்கி எறிஞ்சது எனக்கும் பிடிக்கலை. 2022-ல வந்த புதுக் கார்ல பெரும்பாலான பாகத்தை எல்லா டீமும் ஒரே இடத்துல வாங்கிக்கணும், மாத்தினா அபராதம். செலவு குறையணும்னு பண்ணது, நியாயம்தான், ஆனா ஒரு ஸ்மோக்கி யூனிக் இன்னைக்கு பொறந்தா அவருக்கு இங்க வேலை இல்ல. அவர் வாடகைக்கு ஒரு கேரேஜ் எடுத்து ஜெயிக்கக் கூடிய விளையாட்டா இது இப்போ இல்லைங்கறது எனக்கு நெஜமான வருத்தம்.

நடுவுல நம்மாளு ஒருத்தர் பேரும் வரும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல நாஸ்காரோட டிரக் தொடர்ல மார்ட்டின்ஸ்வில்ல ஆரம்பிச்சு சில ரேஸ் ஓட்டினார், வருஷக் கடைசில ரசிகர் ஓட்டுல அந்தத் தொடரோட மிகப் பிரபலமான டிரைவர் விருது அவருக்குத்தான் கெடைச்சுது. இங்க கேரேஜ்ல இதைச் சொன்னா இன்னும் சில பேர் தலையைச் சொறிவாங்க, ஓட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியும்.

எதைப் பார்க்கறதுன்னு கேட்டதுக்கு, எல்லாரும் 1979 டேடோனா 500-னு சொல்வாங்க, அதுலயே ஆரம்பிங்க. 500 மைல் ரேஸ் ஒண்ணை முழுசா நாடு முழுக்க நேரலைல காட்டினது அதுதான் முதல் தடவை, கிழக்குப் பக்கம் பனிப்புயல்ல ஜனங்க வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க, கடைசி லேப்ல கேல் யார்பரோவும் டானி ஆலிசனும் மோதிக்கிட்டு புல்லுல போய் நிக்க, அரை லேப் பின்னாடி இருந்த பெட்டி ஜெயிச்சார், கொஞ்ச மாசம் முன்னாடிதான் அவருக்கு வயித்துல ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. என்ன ஆச்சுன்னு பாக்க வந்த டானியோட அண்ணன் பாபி ஆலிசனும் கேலும் கைகலப்பு. கேல் தன் மூக்கால என் கையை அடிச்சார்னு பாபி காலம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சார். நாஸ்கார் அன்னிக்குத்தான் நாடு முழுக்கப் போச்சுன்னு சொல்றது மிகை, அதுக்கப்புறமும் பத்து வருஷம் கேபிள்ல உழைச்சுத்தான் அந்த இடம் வந்துச்சு, ஆனா ரேஸ் அருமை. அடுத்து 1976 டேடோனா 500-ஓட கடைசி லேப் மட்டும் போதும். பெட்டியும் பியர்சனும் கோட்டுக்கு முன்னாடி மோதி சுழன்று நின்னாங்க, பெட்டி இன்ஜின் அணைஞ்சு போச்சு, பியர்சன் சுழலறப்பவே கிளட்சை மிதிச்சு இன்ஜினை உயிரோட வெச்சிருந்தார், நொறுங்கின காரை நடை வேகத்துல உருட்டிக்கிட்டுப் போய் ஜெயிச்சார். அந்த நேரத்துல ஒருத்தருக்கு கிளட்ச் ஞாபகம் வருதே, அதைத்தான் நான் திறமைன்னு சொல்வேன்.

மூணாவதா என் சொந்த சிபாரிசு, 1992 நவம்பர்ல அட்லான்டால நடந்த சீசனோட கடைசி ரேஸ். பெட்டிக்குக் கடைசி, ஜெஃப் கார்டனுக்கு முதல், ஒரே நாள்ல. சாம்பியன்ஷிப்புக்கு ஆறு பேர் போட்டில, ஆலன் குல்விக்கின்னு விஸ்கான்சின்ல இருந்து வந்த இன்ஜினியர், சொந்த டீம், கொஞ்சம் ஆளுங்க, அவர் ரெண்டாவதா வந்தும் பில் எலியட்டைவிட ஒரே ஒரு லேப் அதிகமா முன்னணில இருந்ததுக்குக் கெடைச்ச போனஸ் பாயின்ட்டால பத்து பாயின்ட் வித்தியாசத்துல சாம்பியன் ஆனார். எப்போ பிட்டுக்கு வரணும்னு கணக்குப் போட்டு அந்த லேப்பை எடுத்தாங்க, பாக்கறப்போ 310-ஆவது லேப் பக்கத்துல பிட் பக்கம் என்ன பண்றாங்கன்னு கவனிங்க. சொந்த டீமை வெச்சு தானே ஓட்டினவர்ங்கறதால உங்க ஆபீஸ் ஆளுக்கு இவர் பேரைச் சொன்னா போதும், அன்னிக்கு மதிய சாப்பாடு அவர் செலவு.